பாடப் புத்தகத்துக்கு அப்பால்

[திருப்பாதிரிப்புலியூரில் நடந்த நம் சங்கத்துக் கல்விப் பரிசளிப்புக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு.]



இன்று பரிசு பெற்ற மாணவர் மாணவியர் அனைவர்க்கும் எம் வாழ்த்து உரியது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, பணமுடிப்பு அளிப்பது நம் சங்கத்தின் நெடுநாளைய வழக்கம். நல்ல வழக்கமே. அதனைக் குறை கூற யாம் வரவில்லை. ஆயினும் கூட்டந் தொடங்குமுன் அப்பிள்ளைகள் சிலரிடம், பாடநூல் அல்லாத புத்தகம் ஒன்றை முதல் ஏடு தொடங்கிக் கடைசி ஏடு வரையில் எப்பொழுது படித்தீர்கள் என்று வினவினோம். சிலர் நகைத்தனர். சிலர் தம் அன்னையாரின் முகத்தை நோக்கினர். ஒரு பெண் மட்டும், "ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில், ஐயா" என்றாள். அவள் இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். ஆறாண்டுக் காலம் அப்பிள்ளை தன் மனத்துக்காக ஓர் ஏடும் புரட்டவில்லை. இது பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

இன்பத்துக்காகப் படித்தல் என்பது யாது? எவரும் ஏவாமல், எந்தப் பரீட்சைக்குமன்றி, அடுத்து என்ன வருமோ என்னும் ஆவல் உந்தப் படித்தல். இலவசமாகக் கிடைத்த பழைய வார இதழாயினும் சரி, துப்பறியும் நாவலாயினும் சரி, கிரிக்கெட்டு வீரர் ஒருவரது வரலாறாயினும் சரி. படிப்பவனுக்கு நேரம் போனது தெரியாதிருந்தால் அஃது அப்படிப்பேயாகும். இதனைப் 'பொழுதுபோக்கு' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். மகன் கணக்குப் புத்தகத்தை முன்னே வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தால் 'படிக்கின்றான்' என்கின்றோம். கதைப் புத்தகத்தில் ஆழ்ந்து சோறு உண்ணவும் மறந்திருந்தால் 'வீணாகின்றான்' என்கின்றோம். அம்மொழியில் எவ்வளவு உண்மை உளது என்று நாம் ஒருகாலும் ஆராய்ந்தோமில்லை.

இவ்வூரில் இருந்துகொண்டு இவ்விஷயம் பேசுவதற்கு எமக்குச் சிறிது பெருமையும் உண்டு. பாடலி எனப் பெயர் கொண்டிருந்த இவ்வூர் புத்தகத்துக்குப் பழகிய ஊர். சர்வநந்தி என்னும் சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற உலகநூலை கி.பி. 458 இல் பாடலிகை என்னும் ஊரில் எழுதி முடித்தார் என்பது அந்நூல் வழியாகவே தெரிகின்றது. அப்பாடலிகை இத்திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. திருநாவுக்கரசர் தருமசேனராய்ச் சமணப் பள்ளியில் தலைமை பெற்றிருந்ததும், கல்லே தெப்பமாகக் கரையேறியதும் இவ்வூரின் பக்கத்தே என்று புராணங் கூறும். பிற்காலத்தில் ஞானியார் மடத்து ஐந்தாம் பட்டத்து அடிகள், 1942 இல் மறையும் வரையில், தம் சொற்பொழிவுகளால் தமிழ்நாடு முழுதும் கேட்போரைப் படிப்போராக்கினார்கள். இவையெல்லாம் நாம் விழாக்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைகள். ஆகவே இவற்றை இவ்வளவில் விடுத்து, நாம் அதிகம் பேசாத இருவரைப் பற்றிக் கூறுவாம்.

ஒருவர் சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்றால் அனைவர்க்கும் தெரியும். 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் இத்திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தவர். தந்தையார் வருவாய்த் துறை உத்தியோகஸ்தர். அவர் மாற்றலாகும் இடமெல்லாம் பிள்ளையும் சென்று, செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பள்ளி மாறிப் படிக்க நேர்ந்தது. 1918 இல் குடும்பம் சொந்த ஊராகிய திருநெல்வேலிக்குத் திரும்பிற்று. அவர் அங்கு இந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறியது 1931 இல். அதாவது இருபத்தைந்தாம் வயதில். நம் சங்கம் அக்காலத்தில் பரிசு கொடுத்திருந்தால் அவர் பெயர் பட்டியலில் இராது. கல்லூரிப் பாடத்தில் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கில நாவல்களில் சென்றது. கையிற் கிடைத்ததையெல்லாம் படித்தார். அந்தப் 'பயனற்ற' படிப்பின் பயன் யாது? தமிழ்ச் சிறுகதை என்று இன்று நாம் தலைநிமிர்ந்து காட்டுவதிற் பெரும்பங்கு அவர் எழுதியது. பல தேசத்துக் கதைகளைத் தமிழாக்கித் தந்ததும் அவரே. 1948 இல் நாற்பத்திரண்டு வயதில் காலமானார்.

மற்றவர் த. ஜெயகாந்தன். 1934 ஏப்ரல் 24 இல் இக்கடலூரைச் சேர்ந்த மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. விழுப்புரத்தில் மாமன் வீட்டில் இருந்த நாளில் பாரதியாரின் எழுத்து அறிமுகமாயிற்று. பின்னர்ச் சென்னையில் கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகத்திலே தங்கி, அச்சுக்கூடத்தில் வேலை செய்து, அங்கே வருவோர் போவோர் பேச்சைக் கேட்டும், கிடைத்த நூலைப் படித்தும் வளர்ந்தார். ஜீவானந்தம் அவர்கள் அவருக்குத் தமிழிலக்கியத்தின்பால் ஈடுபாடு உண்டாக்கினார்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 1972 இல் சாகித்திய அகாதெமிப் பரிசும், 2002 ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசும் வந்தன. ஆகலின் பள்ளியை விட்டு ஓடுக என்று யாம் கூறுவதாக எந்தச் சிறுவனும் வீட்டிற் போய்ச் சொல்ல வேண்டா. ஜெயகாந்தனுக்குப் பள்ளி இல்லாமற் போனது நட்டம். அந்த நட்டத்தை ஈடு செய்தது படிப்பு என்பதே எம் கருத்து. உங்களுக்கோ பள்ளியும் உண்டு, படிக்கக் கண்ணும் உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றைப் பட்டினி போடுவானேன்?

இவர்கள் மேதைகள், எம் பிள்ளை எழுத்தாளனாக வேண்டுவதில்லை, வங்கியில் உத்தியோகம் பெற்றால் போதும் என்பீர்கள். நியாயமே. பிள்ளைகள் எல்லாரும் எழுத்தாளராகிவிட்டால் படிப்பதற்கு ஆள் இராது. ஆகலின் சாதாரணப் பிள்ளையைப் பற்றியே பேசுவோம்.

பல தேசத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒரே அளவுகோலால் அளக்கும் தேர்வு ஒன்று உண்டு. 'பீசா' என்பது அதன் பெயர். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2000 முதல் நடத்திவருவது. மனப்பாடம் அதிற் செல்லாது. முன்பின் பாராத ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். படித்துப் பொருள் கண்டு, ஆராய்ந்து விடை எழுத வேண்டும். 2009 ஆம் ஆண்டு வரிசைத் தேர்வில் இந்தியாவினின்று இரண்டு மாநிலங்கள் சேர்ந்தன: இமாசலப் பிரதேசமும் நம் தமிழ்நாடும். 2011 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. தேசங்களும் பகுதிகளுமாக எழுபத்து நான்கில், நம் இரு மாநிலங்களும் கடைசி மூன்று இடங்களுக்குள் நின்றன. வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு ஒவ்வாதவை என்று அரசினர் சமாதானம் கூறினர். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆயினும் நம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குவோர் பெருகிய அதே காலத்தில் இவ்வாறு நிகழ்ந்தது ஏன்? பழகிய வினாவுக்குப் பழகிய விடை எழுதக் கற்ற பிள்ளை, பழகாத ஏட்டைக் கண்டதும் திகைக்கின்றான். பழகாத ஏட்டைத் தினந்தோறும் காண்பவன் யார்? கதை படிக்கின்ற பிள்ளையே!

அத்தேர்வின் முதல் வரிசையை ஆராய்ந்து 2002 இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி உளது. நம் போன்ற குடும்பத்தார் அதனைச் சட்டத்திற் கட்டி நடுக்கூடத்தில் மாட்டி வைக்கலாம். தாழ்ந்த வருவாய்த் தொழில் செய்யும் பெற்றோருக்குப் பிறந்தும் படிப்பில் மிகுந்த ஈடுபாடு உடைய பிள்ளைகள் சராசரி 540 புள்ளி பெற்றனர். உயர்ந்த உத்தியோகம் வகிக்கும் பெற்றோருக்குப் பிறந்தும் படிப்பில் ஈடுபாடு இல்லாப் பிள்ளைகள் பெற்றது 491. ஈடுபாடு என்பது இங்கே பாடத்தை உருப்போடுவதன்று. தன் விருப்பத்தால் பலவகை நூலும் படித்தல். நம் சங்கத்தில் முந்திரித் தோப்புக் குத்தகைக்காரர் உளர்; சிப்காட்டுத் தொழிற்சாலைகளில் முறை வேலை பார்ப்போர் உளர்; தெருமுனையில் சிறுகடை வைத்திருப்போர் உளர். பிள்ளைக்குப் பெரிய உத்தியோகத் தந்தையைக் கொடுக்க நம்மால் இயலாது. புத்தகத்தைக் கொடுக்க இயலும்.

பாடநூலைப் பழிக்கின்றோம் என்று ஆசிரியப் பெருமக்கள் நினைக்கலாகாது. அவர்கள் படும் பாடு எமக்குத் தெரியும். நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். பரீட்சை நெருங்க நெருங்க அதைக் கணக்கு விழுங்கும். கணக்கு விட்டதை அறிவியல் விழுங்கும். பத்தாம் வகுப்பில் அட்டவணையிலும் அது காணப்படாது. குறை ஆசிரியருடையது மட்டுமன்று. மதிப்பெண் ஒன்று குறைந்தால் பள்ளிக்கு ஓடி வந்து சண்டையிடும் நாம், மூன்று மாதம் புத்தக அலமாரி பூட்டியே கிடந்ததற்கு ஒருநாளேனும் ஓடிச் சென்றோமா? அரசினரும் கைகட்டி இருக்கவில்லை. பள்ளிக்கல்வித் துறையார் 2022 இல் 'தேன்சிட்டு' என்னும் மாணவர் இதழ் தொடங்கினர். 'வாசிப்பு இயக்கம்' என்ற பெயரால் நுழை, நட, ஓடு, பற என நால்வகைப் படியமைத்துச் சிறு சிறு நூல்கள் அச்சிட்டனர். அந்நான்கு பெயரும் எமக்கு மிக உவப்பாயின. நடக்கத் தெரியாதவனைப் பறக்கச் சொல்வதே நம் வீடுகளில் வழக்கம். பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் கம்பராமாயணத்தைக் கொடுத்து, அவன் பத்துப் பாட்டில் ஓடிப்போனால், 'இக்காலத்துப் பிள்ளைக்கு ருசி இல்லை' என்கின்றோம்.

ஆகவே, எதைப் படிப்பது என்னும் கேள்வி. இதில் யாம் சிறிது பிடிவாதக்காரர். பிள்ளை எதை விரும்புகின்றதோ அதை. மாயாவியும் மந்திரவாதியும் வரும் படக்கதையா? படிக்கட்டும். 1947 இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வையும், 1972 இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸையும் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் இச்சபையிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் ஒருவரும் கெட்டுப்போகவில்லை. தானியேல் பெனாக் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1992 இல் வெளியிட்ட நூலில் படிப்பவனுக்குரிய உரிமைகள் என்று பத்து வகுத்தார். அவற்றுள் முதலாவது, படியாதிருக்கும் உரிமை! பக்கங்களைத் தாண்டிச் செல்லலாம், பாதியில் மூடிவிடலாம், படித்ததையே மீண்டும் படிக்கலாம், படித்தது பற்றி ஒன்றும் பேசாதிருக்கலாம். கேட்டவுடன் ஆசிரியர் சிலர் முகஞ் சுளிப்பர். ஆனால் எண்ணிப் பாருங்கள்: கதை முடிந்ததும், 'இதனால் நீ அறிந்த நீதி யாது, ஒரு பக்கத்தில் எழுது' என்று கேட்பது, விருந்து உண்டு எழுந்தவனை வாசலில் நிறுத்தி, சாம்பாரில் என்னென்ன சரக்கு இருந்தன என்று பரீட்சித்தல் போன்றதன்றோ? அடுத்த விருந்துக்கு அவன் வரமாட்டான்.

இன்பமாகப் படித்தது எங்கெங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்று ஒன்று உளது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையில் வாரந்தோறும் வெளிவந்தது. அக்கதை தொடங்கும் இடம் நம் மாவட்டத்து வீராணம் ஏரி. ஆடிப்பெருக்கு நாளில் ஏரிக்கரை மேலே குதிரையில் வரும் வந்தியத்தேவனை எவர்தாம் மறப்பர்? திரைப்படமாகவும் இதனைப் பலர் கண்டிருப்பீர்கள். படத்தில் இரண்டு பகுதியில் முடிவது புத்தகத்தில் ஐந்து பாகம். அவ்வைந்து பாகமும் படித்து முடித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தந்தையிடம், காட்டுமன்னார்கோயில் பேருந்தில் ஏறி வீராணத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கின்றான் என வைத்துக்கொள்வோம். அழைத்துச் செல்லுங்கள். ஏரிக்கரையில் நின்று, இதன் நீரே குழாய் வழியாகச் சென்னைக்கும் போகின்றது என்று அறிவான்; அது புவியியல். அதன் அண்டையிலே உடையார்குடி அனந்தீசுவரம் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய இராசராசன் காலத்துக் கல்வெட்டு அக்கோயிலில் உளது. நாவலில் மர்மமாக விட்ட கொலைக்குக் கல்லில் பெயர்கள் இருக்கின்றன! அவற்றைக் கொண்டு அறிஞர் பல்லாண்டு வாதிட்டுள்ளனர். அச்சுவர் முன் நிற்கும் பையனுக்குச் சரித்திரப் பாடத்தை எவரும் உருப்போடச் சொல்ல வேண்டியதில்லை. கல்கி சொன்னது எவ்வளவு, கல் சொல்வது எவ்வளவு என்று அவனே பிரித்தறியத் தொடங்குவான். சிலர் அக்கதையில் வருவதையெல்லாம் சரித்திரம் என்றே நம்பிச் சண்டையிடுவதும் உண்டு. அவர்களும் அந்தச் சுவர் வரையில் ஒருமுறை போய் வருவது நலம்.

இனி நூலகம். இந்தியாவில் நூலக இயக்கத்துக்குத் தந்தை எனப்படும் சீ. இரா. அரங்கநாதன் நமக்கு அயலூரார் அல்லர். சிதம்பரத்தைக் கடந்து கொள்ளிடந் தாண்டினால் வரும் சீகாழியில் 1892 இல் பிறந்தவர். கணிதப் பேராசிரியராய் இருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். முதலில் அவ்வேலை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லையாம். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று கல்லூரிக்கே திரும்ப எண்ணினார். இலண்டன் சென்று அங்குள்ள நூலகங்களைக் கண்டபின் மனம் மாறினார். 1931 இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தற்கே என்பது. இதற்கு ஒரு விதி வேண்டுமா என்பீர்கள். நம்மில் எத்தனை வீட்டுக் கண்ணாடி அலமாரிகளில் புத்தகங்கள் பூட்டப்பட்டுப் பொம்மைகளுக்குத் துணையாக நிற்கின்றன என்று பாருங்கள்; விதியின் அவசியம் விளங்கும். அதே 1931 இல், அக்டோபர் 21 ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் அனுப்பினார். மாடு இழுத்தது, ஜனங்கள் படித்தனர். 1948 இல் சென்னை மாகாணத்துப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். அச்சட்டப்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகின்றது. வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. பணத்தைக் கட்டிவிட்டுப் பண்டத்தை வாங்காமல் வருகின்றவர் உலகில் நாம் ஒருவரே இருப்போம். கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் பிள்ளையை உறுப்பினனாக்குவதற்கு ஆகும் செலவு, ஒருவேளை ஓட்டலில் உண்பதற்கு ஆகும் செலவினும் குறைவு.

கைப்பேசி பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். அதனைப் பழித்து எல்லாரும் பேசிவிட்டனர். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி விலையின்றி வழங்குவதால், அக்கைப்பேசியிலும் படிக்கலாம் என்பதோடு நிறுத்துகின்றோம். இரவு பத்து மணிக்குத் தந்தையின் முகத்தில் அதன் ஒளி வீசும் வீட்டில், மகனுக்கு உபதேசம் செய்ய எமக்குத் துணிவில்லை.

ஆனால் பெண்மக்கள் பற்றிச் சொல்லாதிருக்க முடியாது. பையன் மாலையில் நூலகத்துக்குப் போகின்றேன் என்றால் போய் வா என்கின்றோம். பெண் கேட்டால், 'எதற்கு? யாரோடு? எப்பொழுது திரும்புவாய்?' என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் விடை சொல்வதைவிடப் போகாதிருப்பதே எளிது என்று அவள் அடங்கிவிடுகின்றாள். யாம் முதலிற் கூறிய அப்பெண் ஆறாம் வகுப்போடு நிறுத்தியதன் காரணம் பாடச் சுமை மட்டுமன்று என்பது எம் ஊகம். வயது வந்த பெண்ணுக்குக் கதைப் புத்தகம் ஆகாது என்னும் எண்ணம் நம் சமூகத்தில் இன்றும் முற்றும் ஒழியவில்லை. தொலைக்காட்சித் தொடரில் இரவெல்லாம் மாமியார் மருமகள் சண்டையைப் பார்க்கலாமாம். நாவல் படித்தால் மனம் கெடுமாம். இந்த நியாயம் எமக்கு விளங்கவில்லை. தாய்மார்கள் விளக்கினால் கேட்டுக்கொள்வோம். அல்லது, தாய்மார்களே மகளோடு சேர்ந்து நூலகத்துக்குப் போய் ஆளுக்கு ஒரு நூல் எடுத்து வந்தால், விளக்கமே வேண்டியதில்லை.

சங்கத்தார் முன்பு சில விண்ணப்பம் வைக்கின்றோம். ஆண்டுதோறும் கொடுக்கும் பணமுடிப்பில் நான்கில் ஒரு பங்கைப் புத்தகமாகக் கொடுக்கலாம். ஆனால் அப்புத்தகத்தைப் பெரியோர் தெரிந்தெடுத்தல் கூடாது. பரிசு பெறும் பிள்ளையையே கடைக்கு அழைத்துச் சென்று எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வெளியூர்க் குடும்பங்களுக்கு மாட்டு வண்டி வேண்டா. இரும்புப் பெட்டி ஒன்றில் ஐம்பது நூல் இட்டு, மாதம் ஓர் ஊராக, நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் சிதம்பரத்துக்கும் அனுப்பினால் போதும். தொலைந்த நூலுக்குத் தண்டம் கேட்க வேண்டா. தொலையும் அளவுக்கு நூல்கள் கைமாறினால் மகிழ்வோம். இன்னொன்று. அப்பெட்டி திறந்திருக்கும் இடத்தில் நம் பிள்ளைகளோடு அத்தெருவின் எல்லாப் பிள்ளைகளும் வந்து எடுக்கலாம் என்று எழுதி ஒட்ட வேண்டும். சங்கப் பணம் நம்மவர்க்கே என்று ஓர் அன்பர் கூட்டத்துக்கு முன்பே எம் காதிற் சொன்னார். தம் மகனுக்கு உற்ற நண்பர் நால்வரில் மூவர் வேறு சாதியார் என்பதை அவ்வன்பர் அறிவார். அவன் படித்த நூலைப் பற்றிப் பேசுவதற்கும் அந்த மூவர் வேண்டுமே.

இடம் இல்லை என்று சொல்ல வேண்டா. இக்கட்டிடத்தின் முன்னறையில் காற்றும் வெளிச்சமும் உண்டு. இப்பொழுது அங்கே கலியாணத்துக்கு வாடகைக்கு விடும் அண்டாக்களும் உடைந்த நாற்காலிகளும் இருக்கின்றன. செயற்குழு இசைந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இளைஞர் நால்வர் வந்து அவற்றைப் பின்கட்டுக்கு மாற்றலாம். அலமாரி இரண்டு தருவதாக உறுப்பினர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கின்றார். எம்மிடமுள்ள நாற்பது நூல்களை அன்றே கொண்டுவருகின்றோம். அவற்றில் பாதி துப்பறியும் கதைகள். முன்னறைச் சாவி செயலாளரவர்களிடம் இருக்கின்றது.